‘யோசனை கிளாஸ்’ போயிட்டு வந்த ஆளுங்களோட பழகியிருக்கீங்களா? எல்லையோரத்துக்காரங்க சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கமுங்க. தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். பாலக்காட்டுப் பக்கம் ஒரு ஜெயில்ல கைதிகளுக்கு நடக்கிற பயிற்சிக்குக் கூடமாட உதவியாப் போயிட்டிருக்கேன். நடத்துறவர் மலையாளி கவுன்சலர். எதிர்ல உக்காந்திருக்கிறதுல நிறையப் பேர் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம்னு நம்ம பக்கத்துத் தமிழாளுங்க. கள்ளுஷாப்பு அடிதடி, வரப்புத் தகராறு, பைக் திருட்டு, பெரும்பாலும் இந்த மாதிரி கேசுங்கதான். பேச்சு சிக்குற இடத்துல நான் எடுத்துச் சொல்லுவேன்.

அறிவுசார் நடத்தைப் பயிற்சின்னு புத்தகத்துல போடறாங்க. உள்ள இருக்கிற பசங்க வெச்ச பேரு ‘யோசனை கிளாஸ்’. 1980கள்ல கனடாவுல ராபர்ட் ராஸ், எலிசபெத் ஃபேபியானோன்னு ரெண்டு பேர் கைதிகளுக்குன்னே இப்படி ஒரு பாடத்திட்டம் போட்டாங்க. அதுக்கப்புறம் பல நாட்டு ஜெயில்கள்ல பல பேருல நடக்குது. இதுல உபதேசம் கிடையாது, ‘இனிமே ஒழுங்கா இரு’ன்னு யாரும் சொல்றதில்லை. ஒரு தாள்ல கட்டம் போட்டுக் கொடுப்பாங்க. என்ன நடந்துச்சு, அப்ப மனசுக்குள்ள என்ன ஓடுச்சு, உடம்புக்கு என்ன பண்ணுச்சு, இதுக்கெல்லாம் அடியில நீ எதை நம்பிட்டிருந்தே. அவ்வளவுதான் கேள்வி.

ஒரு பனையேறி. ஷாப்புல பங்காளி மண்டையில பாட்டிலை உடைச்சிட்டு வந்தவன். ரெண்டாவது கட்டத்துல மலையாளத்துல ‘கோபம் வந்தது’ன்னு ஒரே வரி எழுதிக் கொடுத்துட்டான். எல்லாக் கிளாசுலயும் அதே வரிதான். ஒரு நாள் நான் பக்கத்துல உக்காந்து, “தம்பி, அவன் சிரிச்சான்ல, அப்ப நீ உனக்குள்ளாற என்ன சொல்லிக்கிட்ட? அதே பேச்சுல சொல்லு”ன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கொட்டிட்டான்: “சிரிக்கிறான் பாரு. இன்னைக்கு இவனை விட்டா நாளைக்கு ஊரே ஏறி மிதிக்கும்.”

கவுன்சலருக்குச் சொன்னேன். அவர் ரொம்ப சாதாரணமாக் கேட்டார், “ஊர்ல எத்தனை பேர் அப்ப ஷாப்புல இருந்தாங்க?”

“ரெண்டு பேருங்க. அதுல ஒருத்தன் தூங்கிட்டிருந்தான்.”

மொத்தக் கூட்டமும் சிரிச்சுது. அவனும் சிரிச்சுட்டான். தாள்ல அந்த வரியைத் தமிழ்லயே எழுத வெச்சோம். அதுக்கப்புறம்தான் அவன் வகுப்புல வாயைத் திறந்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு நாம சுலபமா சொல்லிடறோம். எனக்குப் பட்டது வேற. ஆத்திரத்துல புத்தி படு வேகமா வேலை செய்யுது, வேகத்துல தப்புக் கணக்குப் போடுது. அந்தக் கணக்கு அவனவன் வீட்டுப் பேச்சுலதான் ஓடும். வேற பாஷையில கேட்டா வெளிய வராது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். சிகாகோவுல பள்ளிக்கூடப் பசங்களுக்கு நடக்கிற ஒரு பயிற்சியில இருந்து எடுத்தது. ரெண்டு ரெண்டு பேரா நிறுத்தி, ஒருத்தன் கையில பொருளைக் கொடுத்து, மத்தவன்கிட்ட ‘30 செகண்டுல அதை வாங்கு’ன்னு சொல்றது. நாங்க கோலிக்குண்டு கொடுத்தோம். விரலை மடக்கி முறிக்கப் பார்த்தவன் உண்டு, கிச்சுக்கிச்சு மூட்டுனவன் உண்டு, வார்டரே ஓடி வந்துட்டார். ‘அண்ணா, அதைக் கொஞ்சம் குடுங்க’ன்னு ஒருத்தன்கூடக் கேக்கலை. கேட்டிருந்தாக் கொடுத்திருப்பியான்னு குண்டு வெச்சிருந்தவனைக் கேட்டா, “அட, இதை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்”ங்கறான்.

இப்படிப் போயிட்டு வந்தவங்க வெளிய எப்படி இருக்காங்கன்னு எனக்குத் தெரியறதில்லை, நான் பார்க்கிறது உள்ள மட்டும்தான். உங்க அனுபவம் சொல்லுங்க.

மூணாறு லயத்து அக்கா

வாத்தியாரய்யா, என் வீட்டுக்காரர் அப்படிப் போயிட்டு வந்தவர்தான். எஸ்டேட்டுல ஒருத்தரோட சண்டை போட்டுக் கேசாகி, ஜாமீன் கிடைக்கிறவரைக்கும் உள்ள இருந்தார். வெளிய வந்தப்புறமும் கொஞ்ச காலம் போகச் சொன்னாங்க, போனார்.

வந்த புதுசுல எனக்கு பயமாத்தான் இருந்துச்சு. முன்னெல்லாம் குழம்புல உப்புக் கம்மின்னா தட்டு பறக்கும். இப்ப வாக்குவாதம் முத்துச்சுன்னா, “நிறுத்து, நான் பைப்படி வரைக்கும் போயிட்டு வாரேன்”னு எந்திரிச்சுப் போயிருவார். எங்கிட்டுப் போறார், எவனைக் கூட்டிட்டு வரப் போறார்னு கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு உக்காந்திருந்த ராத்திரி உண்டு. கொஞ்ச நேரம் கழிச்சு மூஞ்சி கழுவிட்டு வந்து நிப்பார். பக்கத்து லயத்துல ‘பொண்டாட்டிக்கு பயந்து ஓடுறான்’னு கேலி. அதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ரெண்டு மூணு தடவை அதுக்காகவே போகாம நின்னார். அன்னைக்கெல்லாம் பழையபடிதான்.

குடி நின்னுச்சான்னு கேட்டா, இல்லை. குறைஞ்சிருக்கு. குடிச்ச அன்னைக்கு இந்த பைப்படிப் பழக்கம் வேலை செய்யாது. அதனால நான் பெருசா ஒண்ணும் மெச்சிக்க மாட்டேன். ஆனா மகன் பரிட்சைக்குப் படிச்சுட்டு இருந்தப்ப அவங்க ரெண்டு பேருக்கும் செல்ஃபோன் விஷயமா பேச்சு வந்துச்சு. மகன் கையை நீட்டிப் பேசுறான். இவர் என்னைப் பார்த்து, “நான் இப்ப மனசுல என்ன நினைக்கேன்னு சொல்லவா? இவன் என்னை மதிக்கலைன்னு நினைக்கேன்”னார். மகன் ‘என்னடா இது’ன்னு முழிச்சான். கல்யாணமான நாள்ல இருந்து அவர் வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

கோர்ட்டு வராண்டா

நான் வழக்கறிஞர். நெகிழ்ச்சிக்கு நடுவே கொஞ்சம் கசப்பும் இருக்கட்டும்.

சீட்டு நடத்தி ஏமாற்றிய கட்சிக்காரர் ஒருவர் எனக்கு இருந்தார். பயிற்சி முடித்த சான்றிதழோடு வந்தார். “என் சிந்தனைப் பிழைகளை அடையாளம் கண்டுகொண்டேன்” என்று நீதிமன்றத்தில் அழகாகப் பேசினார். வெளியே வந்ததும் அதே நடையில், அதே கண்ணீரோடு புதிய ஆட்களிடம் பணம் வாங்கினார். பேசிப் பிழைக்கிறவனுக்கு இந்த வகுப்பு இன்னும் நாலு வார்த்தைகளைக் கொடுத்து அனுப்புகிறது.

ஆய்வுகளும் எல்லாம் இனிப்பாக இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பாலியல் குற்றவாளிகளுக்கு 1990களிலிருந்து இந்த வகைப் பயிற்சி ஒன்று நடந்தது. 2017ல் அந்நாட்டு நீதி அமைச்சகமே வெளியிட்ட மதிப்பீட்டில், பயிற்சி பெற்றவர்களில் 10 சதவீதம் பேர் மறுபடியும் பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். பெறாதவர்களில் 8 சதவீதம். அந்தப் பயிற்சியையே நிறுத்திவிட்டார்கள்.

அதற்காக நான் ஜெயில்தான் மருந்து என்று சொல்கிற ஆள் இல்லை. பாலக்காட்டில் பிறந்த நீதிபதி கிருஷ்ணய்யர் 1957ல் கேரளாவின் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சிறைத்துறையையும் பார்த்தவர். 1977ல் உச்ச நீதிமன்றத்தில் கியாசுதீன் வழக்கில் அவர் எழுதியது, தண்டனை என்பது ஆளைச் சீர்படுத்துவதற்கு என்ற நோக்கில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிற தீர்ப்பு. ஆந்திரத்திலிருந்து போன மோசடி வழக்குதான் அதுவும். அவர் பிறந்த நவம்பர் 15ஐக் கேரளா நன்னடத்தை நாளாக, அதாவது சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்டுத் திருத்தும் ‘புரொபேஷன்’ முறைக்கான நாளாகக் கடைப்பிடிக்கிறது. என் புகார் பயிற்சி மீது இல்லை, கையெழுத்து வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கிற பழக்கத்தின் மீது.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்

வக்கீல் சார், நீங்க சொன்ன 2017 கணக்கு சரி. அதோட இதையும் வெச்சுப் பாருங்க. அமெரிக்க ஆராய்ச்சியாளர் மார்க் லிப்சியும் கூட இருந்தவங்களும் இந்த மாதிரிப் பயிற்சி பத்தின 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததுல, 100 பேர்ல 40 பேர் திரும்ப மாட்டுவாங்கன்னா பயிற்சிக்கு அப்புறம் அது 30 ஆகுதுன்னு வந்துச்சு. ஆராய்ச்சிக்காரங்க முன்ன நின்னு நடத்தின இடத்துல பலன் கூட, தினப்படி வேலையா நடத்தின இடத்துல கம்மி. கையெழுத்துச் சான்றிதழ்னு நீங்க சொல்றது அதைத்தான்னு நினைக்கிறேன். மோசடிக்காரரையும் பாட்டில் உடைச்சவனையும் ஒரே பாயில உக்கார வெச்சது நடத்தினவங்க தப்பு.

மூணாறு அக்கா, அந்தக் கேலி விஷயத்தை கவுன்சலர்கிட்ட சொன்னேன். வகுப்புல நாலு பேர் முன்னால எந்திரிச்சுப் போறதையும், மத்தவங்க கேலி பண்றதையும் நடிச்சுப் பழக்கணும்னார். இதுவரைக்கும் நாங்க தனியாப் போறதைத்தான் பழக்கியிருந்தோம்.

நகரி பஸ் ஸ்டாண்டு

ஆந்திரா சைடுல இருந்து எழுதறேன். நகரி, புத்தூர், திருப்பதி, எங்க ஊர்ங்கள்ல நிறைய வீட்டுல தமிழ்தான். இங்க ஜெயில்ல இருக்கற தமிழாளுங்கன்னா முக்கால்வாசி செம்மரக் கேசு. ஜவ்வாது மலைப் பக்கத்துல இருந்து கூட்டினு வந்து சேஷாசலம் காட்டுல விட்டுடுவானுங்க. வெட்டறது இவங்க, சம்பாதிக்கறது யாரோ. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி 20 பேரை போலீஸ் சுட்டுக் கொன்னாங்களே, அதெல்லாம் மறக்கற விஷயமா?

எங்க மாமா ஒருத்தர் ஜெயிலுக்கு காய்கறி சப்ளை. அவர்கூட போனப்ப, மரம் வெட்ட வந்த பெரியவர் ஒருத்தர்கிட்ட பேசினேன். உள்ள ஏதோ கோபத்தை அடக்கற கிளாஸ் எடுத்தாங்களாம், தெலுங்குல. “இன்னா சொன்னாங்க தாத்தா?”ன்னேன். “கண்ணை மூடு, பத்து எண்ணுன்னாங்க. எண்ணினேன். எனக்கு யார் மேலயும் கோபம் இல்லியே நைனா. மேஸ்திரி முன்பணம் குடுத்தான், வந்தேன்”ன்னாரு.

இவருக்கு எதுக்கு அந்தக் கிளாஸ்? சொல்லுங்க.

கோர்ட்டு வராண்டா

நகரி நண்பரே, இந்தத் துறையை உருவாக்கியவர்களே அந்தப் பெரியவரை உட்கார வைத்திருக்க மாட்டார்கள். கனடாவின் ஆண்ட்ரூஸ், போண்டா முதலானவர்கள் 1990ல் வகுத்த விதி இதுதான்: மறுபடி குற்றம் செய்யும் அபாயம் அதிகமுள்ளவருக்கே தீவிரப் பயிற்சி, அவரைக் குற்றத்துக்குத் தள்ளியது எதுவோ அதற்கே மருந்து, அதுவும் அவருக்குப் பிடிபடுகிற விதத்தில். பெரியவரின் விஷயத்தில் மூன்றுமே தவறியிருக்கின்றன. அவரைத் தள்ளியது முன்பணக் கடன். அவருக்குத் தேவை ஒரு வக்கீல், ஊரில் ஒரு வேலை.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்

காசு பேச்சு வந்ததால சொல்றேன். லைபீரியாவுல மன்ரோவியா நகரத்துல, திருட்டு, அடிதடின்னு இருந்த 999 இளைஞர்களை வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. சில பேருக்கு 8 வாரம் இந்தப் பயிற்சி மட்டும், சில பேருக்கு 200 டாலர் மட்டும், சில பேருக்கு ரெண்டும், மீதிப் பேருக்கு ஒண்ணுமில்லை. பயிற்சி மட்டும் வாங்கினவங்ககிட்ட ஒரு வருஷத்துல பலன் தேஞ்சு போச்சு. ரெண்டும் வாங்கினவங்ககிட்ட 10 வருஷம் கழிச்சுப் பார்த்தப்பவும் தங்கியிருந்துச்சு. பணம் பெரிசா ஒண்ணுமில்லை, சில மாசத்துல தீர்ந்துடுச்சு. ஆனா அதை வெச்சு சின்னதா ஒரு யாவாரம் பண்ணிப் பார்த்து, புது மனுஷனா நடந்து பழக அவங்களுக்கு நேரம் கிடைச்சுதுன்னு ஆய்வு பண்ணினவங்க நினைக்கிறாங்க.

எங்க பனையேறிக்கு அதுதான் சிக்கல். வெளிய வந்தா அவன் தொழிலே கள்ளுதான். மறுபடி அதே ஷாப்பு, அதே பங்காளி. ஜெயில் சப்பாத்தி யூனிட்டுல மாவு பிசையக் கத்துக்கிட்டான், எங்கயாவது ஓட்டல்ல சேர்த்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கான். பொள்ளாச்சிப் பக்கம் ஆள் தேவைன்னா சொல்லுங்க.

புதுசேரி தம்பி

பாலக்காடு புதுசேரிங்க, பாண்டிச்சேரி இல்லை. என் அண்ணன் மேல அடிதடிக் கேஸ் ஒண்ணு நடக்குது, முதல் கேஸ்தான், ஜாமீன்ல இருக்கான். ஜெயிலுக்குப் போகாமலே இந்த மாதிரி கிளாசுல சேர வழி இருக்கா?

கோர்ட்டு வராண்டா

இருக்கிறது, தம்பி. 1958ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவில், குற்றம் நிரூபணமானாலும், கேஸின் தன்மையைப் பார்த்து, சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடப்பேன் என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு அது பொருந்தாது. குடிக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளையும் நீதிமன்றம் சேர்க்கலாம். பயிற்சிக்குப் போக வேண்டும் என்பதை அதில் சேர்க்கச் சொல்லி உங்கள் வக்கீல் கேட்கலாம். கேரளாவில் நன்னடத்தை அதிகாரிகள் சமூக நீதித் துறையின் கீழ் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார்கள். தீர்ப்பு வரை காத்திருக்காமல் இப்போதே போய்ப் பாருங்கள்.

நகரி நண்பருக்கும் ஒரு தகவல்: காவலில் இருக்கிற எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தர வேண்டும். அந்தப் பெரியவருக்கு யாராவது மனு எழுதிக் கொடுத்தார்களா என்று உங்கள் மாமாவை விசாரிக்கச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்

புதுசேரி தம்பி, கட்டம் போட்ட தாள் தமிழ்ல எங்கிட்ட இருக்கு, அனுப்பறேன். அண்ணனே எழுதட்டும். நல்லா இருக்கணும்னு நீங்க திருத்திக் கொடுக்காதீங்க. கெட்ட வார்த்தை வந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

நகரி பஸ் ஸ்டாண்டு

எழுதவே தெரியாதவங்களுக்கு இன்னா பண்றீங்க சார்?

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்

வாயால சொல்ல வெச்சு இன்னொரு கைதி எழுதுவாருங்க. எழுதறவரைத் தேர்ந்தெடுக்கிறதுதான் கஷ்டம், அதே கேசுல கூட மாட்டுனவனா இருக்கக் கூடாது. மாமாகிட்ட மனு விஷயத்தைக் கேட்டுட்டு இங்கயே சொல்லுங்க.