ஆமை மேயும் இடத்தில் அரளி இருக்கலாமா?

பின்கட்டு: எங்கள் சல்காட்டா ஆமைக்கு (ஆப்பிரிக்கத் தரை ஆமை) நான்கு வயது. (அயல்நாட்டுப் பிராணிகளைப் பதியும் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிந்தாகிவிட்டது, அந்தச் சண்டை வேண்டாம்.) வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பதினைந்து அடி இடம் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். மதிலோரம் அரளி, நித்தியகல்யாணி, ஒரு செம்பருத்தி ஏற்கெனவே நிற்கின்றன. எதை விடலாம், எதைப் பிடுங்கலாம்?

வேலியோரம்: எதையும் பிடுங்காதீர்கள். என் ஆமை ஆறு வருஷமாக அரளி வேலிக்குப் பக்கத்தில்தான் மேய்கிறது. ஒருமுறை கடித்துப் பார்த்து விட்டுவிட்டது, அவ்வளவுதான். கசப்பு அதற்கே தெரியும். காட்டில் யார் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார்கள்?

கொல்லைக்காரி: எந்தக் காடு அண்ணா? இவை தொட்டியில் பொரிந்தவை. காட்டு ஆமை பிடிக்காததை விட்டுவிட்டு நடந்துகொண்டே இருக்கும். பதினைந்து அடிக்குள் மே மாசம் புல்லெல்லாம் கருகிய பிறகு இது எங்கே போகும்? பச்சை அரளி கசக்கும், சரி. உதிர்ந்து காய்ந்த இலையில் கசப்பு குறையும், விஷம் குறையாது. மாடுகள் சாவதும் பெரும்பாலும் அப்படித்தான். மஞ்சள் அரளி இன்னும் மோசம். மஞ்சள் நிறத்தைக் கண்டால் ஆமைக்குக் கால் நிற்காது. துணி உலர்த்தும் கிளிப்பை எங்கள் ஆமை வாயிலிருந்து பிடுங்கியிருக்கிறேன், மஞ்சள் கிளிப். அரளியும் நித்தியகல்யாணியும் வேரோடு போகட்டும். வெட்டியதை எரிக்காதீர்கள், புகையும் ஆகாது.

நட்சத்திரப்பிரியன்: நட்சத்திர ஆமைக்கும் இதே செடிகள்தானா?

கொல்லைக்காரி: தம்பி, அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1972 வனவிலங்குச் சட்டம், 2022 திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணை. வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

பின்கட்டு: சரி, அப்படியென்றால் என்ன நடுவது?

கொல்லைக்காரி: முக்கால்வாசி இடம் புல்லுக்கு. அருகம்புல், கொழுக்கட்டைப்புல் இரண்டும் போதும். சல்காட்டா, சகாராவுக்குத் தெற்கே உள்ள சகேல் வறட்டுப் புல்வெளிப் பிராணி, நார்தான் அதற்குச் சோறு. பழம் போட்டால் குடலில் புளித்துக் கழிச்சல்தான். ஓரத்தில் சப்பாத்திக்கள்ளி, முள்ளைத் தீயில் வாட்டிவிட்டுக் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்து நிறைய. முசுக்கொட்டை இலை கொடுக்கலாம். செம்பருத்தி இலையும் பூவும் தாராளமாக. நர்சரியில் இன்னும் நாலு வாங்கி நட்டுவிடுங்கள்.

வேலியோரம்: அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள் அம்மா. என் அரளிக்கு இவ்வளவு பேசிவிட்டு, நர்சரிச் செம்பருத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு நடச் சொல்கிறீர்கள். செம்பருத்தி என்றாலே மாவுப்பூச்சி. வேரில் ஊற்றிய மருந்து இலைவரை ஏறி நிற்கும், கழுவினாலும் போகாது. தொட்டி மண்ணில் வெள்ளை வெள்ளையாக உருண்டை கிடக்குமே, அதையும் விழுங்கும்.

கொல்லைக்காரி: இதை ஒத்துக்கொள்கிறேன். அவசரத்தில் எழுதிவிட்டேன். நர்சரிச் செடி வேண்டாம். மருந்தடிக்காத வீட்டிலிருந்து பென்சில் பருமனில் குச்சி ஒடித்து நடுங்கள், மழைக்காலத்தில் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இதனால் உங்கள் அரளி நல்லதாகிவிடாது.

கீரைக்கட்டு: இவ்வளவு தொல்லை எதற்கு? நான் தினமும் முருங்கைக்கீரைதான் போடுகிறேன்.

கொல்லைக்காரி: வாரம் ஓரிரு முறை போதும். தினமும் போட்டால் புரதம் ஏறி ஓடு கூம்பு கூம்பாகப் புடைக்கும்.

வேலியோரம்: புடைப்புக்குப் புரதம்தான் காரணம் என்பது பழைய கதை. சல்காட்டாக் குஞ்சுகளை வைத்தே செய்த ஆய்வு 2003-ல் வந்தது. புரதத்தைவிடக் காற்றில் ஈரம் இல்லாததுதான் ஓட்டைப் புடைக்க வைத்ததாம். முருங்கையைக் குறைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, காரணத்தைச் சரியாகச் சொல்லுங்கள்.

பின்கட்டு: இரண்டு நாள் கழித்து வருகிறேன். அரளி போய்விட்டது. அம்மா பூஜைக்குப் பூ எங்கே என்று ஒரே சண்டை. கடைசியில் ஒரு குச்சியை மொட்டைமாடித் தொட்டியில் நட்டிருக்கிறோம். பரவாயில்லையா?

வேலியோரம்: எந்தப் பக்கம்? ஆடிக் காற்றில் சருகு நேராகப் பின்கட்டில்தான் விழும். வாசல் பக்கமாக நகர்த்தி வையுங்கள்.

கொல்லைக்காரி: அண்ணா, உங்கள் வேலி?

வேலியோரம்: பார்க்கலாம்.