ஆள்காட்டி முட்டையிட்டிருக்கிறது, படங்கள் கலங்கலாக வருகின்றன, லென்ஸில் கோளாறா?

பொட்டல்காடு (கேள்வி)

வணக்கம். பாளையங்கோட்டைக்குத் தெற்கே, மனை பிரித்துக் கல் நட்டு நான்கைந்து ஆண்டுகளாக யாரும் வீடு கட்டாமல் கிடக்கும் ஒரு பொட்டலில் தினமும் நடக்கப் போகிறேன். மூன்று மாதங்களுக்கு முன் ஒருவர் பயன்படுத்திய 150-600 மி.மீ. தொலைதூர லென்ஸை வாங்கினேன். அன்றிலிருந்து நடை குறைந்து நிற்பது அதிகமாகிவிட்டது.

போன வாரம், மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு மனைக்கல்லுக்குப் பக்கத்தில் சிவப்பு மூக்கு ஆள்காட்டியின் முட்டைகளைப் பார்த்தேன். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. சரளையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழிவு, ஓரத்தில் சிறு கற்களும் ஆட்டுப் புழுக்கைகளும். நான்கு முட்டைகள், நான்கின் கூர்முனையும் நடுவை நோக்கி. மண் நிறம், அதில் கரும்புள்ளிகள். ஒரு தடவை கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் எங்கே இருந்தன என்றே தெரியவில்லை.

சிக்கல் இதுதான். நான் நாற்பது அடி வருவதற்குள் பறவை எழுந்து தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றுகிறது. தள்ளி நின்று 600-இல் எடுத்தால் படம் கலங்கலாக, நீருக்குள் பார்ப்பது போல வருகிறது. காலை 10 மணி வெயிலில், வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே இப்படி. ஷட்டர் வேகம் 1/2000 நொடி வைத்தும் மாற்றம் இல்லை. லென்ஸை விற்றவர் ஏமாற்றிவிட்டாரோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை.

கூடப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர், முக்காலியில் கேமராவை முட்டைக்கு மூன்றடியில் வைத்து, முன்னால் மறைக்கும் இரண்டு புல்கொத்துகளைப் பிடுங்கிவிட்டு, தூரத்திலிருந்து கைபேசி வழியாக இயக்கச் சொல்கிறார். செய்யலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரையான் (பதில்)

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் படம் எடுத்தது கானலை. சரளைத் தரை சூடேறியதும் அதன்மேல் இருக்கும் காற்று அலையத் தொடங்குகிறது. ஐம்பது மீட்டர் தூரத்துக்கு அந்த அலையும் காற்று வழியாகத்தான் உங்கள் லென்ஸ் பார்க்கிறது. ஷட்டரை எவ்வளவு கூட்டினாலும் காற்று தெளியாது. சந்தேகம் இருந்தால் நாளை காலை 6.30-க்கு அதே தூரத்திலிருந்து அந்த மனைக்கல்லை எடுத்துப் பாருங்கள். பெயிண்ட் உரிந்த இடம்கூடத் தெரியும். தரையோடு படுத்து எடுத்தால் பின்னணி மென்மையாகி அழகாக வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது விடியற்காலைக்குத்தான். வெயில் ஏறிய பிறகு தரையை ஒட்டித்தான் கானல் மிக மோசமாக இருக்கும்.

இனி முட்டை விஷயம். நண்பர் சொன்னதைச் செய்யாதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. நான் செய்திருக்கிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், செங்கல்பட்டுப் பக்கம் வறண்ட ஏரி ஒன்றில் இதே ஆள்காட்டி, இதே நான்கு முட்டைகள். பதினைந்தடி தள்ளிக் குந்தி, பறவை திரும்பி வந்து உட்காரும் படம் வேண்டும் என்று காத்திருந்தேன். காலை 11 மணி. பறவை ஓடி வரும், நிற்கும், தலையை மேலும் கீழும் ஆட்டும், திரும்பி ஓடும். வேறோர் இடத்தில் போய் முட்டைமேல் உட்காருவதுபோலப் பாவனை செய்யும். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வளைத்து வளைத்துப் படம் எடுத்தேன். முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் முட்டைகள் நேர்வெயிலில் கிடந்தன. வேலிக்கருவை மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. மறுநாள் போனபோது குழிவு காலியாக இருந்தது. ஒரு முட்டையின் ஓடு மட்டும் நான் குந்தியிருந்த இடத்துக்குச் சற்று முன்னால் கிடந்தது, உள்பக்கம் ஈரம் காயாமல். ஆள்காட்டிகள் இரண்டும் அப்போதும் என் தலைக்கு மேல் கத்தின. அன்று எடுத்த ஒரு படத்தையும் நான் யாருக்கும் காட்டியதில்லை.

மே மாத வெயிலில் ஆள்காட்டி முட்டைமேல் உட்காருவது சூடேற்ற மட்டும் அல்ல, நிழல் கொடுக்கவும்தான். பல நேரம் உட்காரக்கூடச் செய்யாது. கால்களை லேசாக மடக்கிக் குடைபோல நிற்கும். நாம் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் குடை அங்கே இல்லை. உங்கள் நண்பர் பிடுங்கச் சொன்ன புல்கொத்தும் கொஞ்சம் நிழல்தான், கொஞ்சம் மறைப்பும்தான். நீங்கள் நடந்து போட்ட தடத்தில் கீரியும் நாயும் பின்னால் வரும். மனிதன் எங்கே குனிகிறான் என்று காகம் பார்த்து வைத்துக்கொள்ளும்.

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது மட்டுமல்ல, முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அதற்குள் வருகிறது.

வெள்ளிக்கிழமை_வெளிச்சம் (பதில்)

ஏரிக்கரையான் ஐயா சொல்வது ஆள் பக்கத்தில் இருந்தால்தானே? கேமராவை வைத்துவிட்டு நூறு மீட்டர் தள்ளிப் போய்விட்டால் பறவைக்கு என்ன தொந்தரவு? வெளிநாடுகளில் இப்படித்தானே எடுக்கிறார்கள்? ஒரே ஒரு நாள் வைத்துப் பார்ப்பதில் என்ன ஆகிவிடும்?

ஏரிக்கரையான் (பதில்)

தம்பி, வைக்க ஒரு தடவை போக வேண்டும், எடுக்க ஒரு தடவை. பேட்டரி தீர்ந்தால் இன்னொரு தடவை. நேற்றுவரை வெறும் தரையாக இருந்த இடத்தில் மூன்று கால் ஊன்றிய கறுப்புப் பொருள் நின்றால் பறவை உடனே வந்து உட்காராது. வந்தாலும் மிரண்டபடியே இருக்கும். முட்டையின் பாதுகாப்பே அது கண்ணில் படாததுதான். அதன் தலைமாட்டில் நாமே ஓர் அடையாளக் கம்பத்தை நட்டுவிட்டு வருகிறோம். முன்காலத்தில் கூட்டுக்குப் பக்கத்தில் மறைப்புக் கூடாரம் அடித்துப் பல நாள் பொறுமையாக எடுத்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. இன்று பல போட்டிகளிலும் குழுக்களிலும் கூட்டுப் படங்களை வாங்குவதே இல்லை. நல்லதற்குத்தான்.

பொட்டல்காடு, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பொட்டலுக்கு அருகில் தண்ணீர் எங்கே இருக்கிறது? கொளுத்தும் வெயிலில் ஆள்காட்டி தண்ணீரில் போய் வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் நிற்கும், முட்டையைக் குளிர வைக்க. பறவைக்கும் முட்டைக்கும் இடையில் போகாமல், அது தண்ணீருக்கு வரும் இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிடுங்கள். ஆண் பெண் இரண்டுமே மாறி மாறி அடைகாக்கும் என்பதால், ஒன்று நனையப் போகும் நேரத்தில் மற்றொன்று பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும்.

உங்கள் தலைக்கு மேல் வந்து கத்தினால் நீங்கள் உட்கார்ந்த இடம் தவறு. உடனே எழுந்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஆள் காட்டிக் கொடுப்பதால்தானே அதற்கு அந்தப் பெயர்? அது சொல்வதைக் கேட்பதைவிட நல்ல தூரக் கணக்கு வேறு கிடையாது.

புளியமரத்து_வீடு (பதில்)

நான் படம் எடுப்பவள் அல்ல. வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் கூந்தன்குளம். உங்கள் மாவட்டம்தான் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பறவை குளத்தில் மட்டும் இல்லை. தெருவில் இருக்கும் புளியமரத்திலும் வேப்பமரத்திலும் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். வாசலில் எச்சம் விழும், மீன் வாடை வீட்டுக்குள் வரும். யாரும் விரட்டுவது இல்லை. பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதும் இல்லை. 1994-இல் சரணாலயம் என்று அரசு அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பிருந்தே இப்படித்தான் என்று என் மாமியார் சொல்வார்.

மதியம் இரண்டு மணிக்கு எங்கள் மாடியிலிருந்து பார்த்தால், நாரை வெயிலுக்கு முதுகைக் காட்டி இரண்டு இறக்கையையும் விரித்து நிற்கும். அடியில் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு தொண்டை துடிக்க இருக்கும். வெயில் நகர நகரத் தாயும் நகரும். ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்தவர்கள், பறக்கும் படம் வேண்டும் என்று மரத்தடியில் நின்று கையைத் தட்டினார்கள். நாரைகள் எல்லாம் எழுந்துவிட்டன. மேல்கிளையிலிருந்து ஒரு குஞ்சு எங்கள் முற்றத்தில் விழுந்தது. கழுத்தைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. கையில் எடுத்து வைத்துக்கொண்டு, தண்ணீர் ஊட்டலாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் வரை இருந்தது.

கேமராவோடு வருகிறவர்களில் எவ்வளவோ நல்லவர்களும் உண்டு. காலையில் வந்து ஓரமாக உட்கார்ந்து, பேச்சுச் சத்தம்கூட இல்லாமல் எடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. கை தட்டாதீர்கள், கல் எறியாதீர்கள். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சதுப்புநிலம் (பதில்)

அமைப்புகள் பற்றி மட்டும் சுருக்கமாக. நிற்கும் பறவைக்கு 1/500 போதும், ஓடினால் 1/1000, பறந்தால் 1/2000-க்குக் கீழே இறங்காதீர்கள். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தானியங்கியில் விட்டு மேல் வரம்பு மட்டும் வையுங்கள். ஆள்காட்டிக்குக் கறுப்பு மார்பும் வெள்ளை வயிறும் ஒன்றாக இருப்பதால் வெள்ளை வெளிறிவிடும். ஒளியைச் சற்றுக் குறைத்து, ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாமல் பதியும் மூலக் கோப்பு) எடுத்தால் கறுப்பிலுள்ள விவரத்தைப் பிறகு மீட்கலாம். வெளிறிப்போன வெள்ளை திரும்பி வராது. முக்காலிக்குப் பதில் பழைய துணிப்பையில் அரிசியோ மணலோ நிரப்பி அதன்மேல் லென்ஸைக் கிடத்துங்கள். இன்னொன்று: பொதுவெளியில் படத்தைப் போடும்போது இடத்தைக் குறிப்பிடாதீர்கள், கோப்பில் பதிவாகும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். மஞ்சள் மனைக்கல் என்று இங்கே எழுதியதே எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

பொட்டல்காடு (கேள்வி கேட்டவர், பதினெட்டு நாட்களுக்குப் பிறகு)

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பகுதியில் மனைக்கல் எல்லாமே மஞ்சள்தான், நூற்றுக்கு மேல் இருக்கும். இருந்தாலும் இனி எழுதமாட்டேன்.

மறுநாளே விடியலில் போய் மனைக்கல்லை எடுத்துப் பார்த்தேன். லென்ஸ் கத்திபோல இருக்கிறது. விற்றவரை மனதுக்குள் திட்டியதற்கு வருந்துகிறேன்.

தண்ணீர் எங்கே என்று ஏரிக்கரையான் ஐயா கேட்டதும்தான் யோசித்தேன். பொட்டலின் மேற்கு ஓரத்தில் கூட்டுக் குடிநீர்க் குழாய் போகிறது. வால்வு கசிந்து, சிமெண்டுத் தொட்டியைச் சுற்றி ஒரு கட்டில் அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. முட்டை இருந்த இடத்திலிருந்து நூற்றைம்பது மீட்டராவது இருக்கும். தொட்டிக்குப் பின்னால், தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு காலை 10.30-லிருந்து உட்கார்ந்தேன். முதல் நாள் மைனாவும் தவிட்டுக் குருவியும்தான் வந்தன. இரண்டாம் நாள் ஓர் ஓணான். மூன்றாம் நாள் 11.40-க்கு ஆள்காட்டி வந்தது, பறந்து அல்ல, நடந்து. பத்தடி ஓடும், நிற்கும், பத்தடி ஓடும். கண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சிவப்புத் தோல் அவ்வளவு ஈரப்பளபளப்பாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தண்ணீருக்குள் இறங்கி, கால்களை மடக்கி, வயிற்றை அழுத்தி இப்படியும் அப்படியும் உரசியது. எழுந்து உடம்பை உதறவில்லை! உதறாமல், சொட்டச் சொட்ட, வந்த வழியே ஓடியது. பன்னிரண்டு மீட்டர் தூரம்தான் என்பதால் கானலும் தொந்தரவு செய்யவில்லை. வயிற்றுச் சிறகு நுனிகளில் ஐந்து துளிகள் தொங்கும் படம் ஒன்று கிடைத்திருக்கிறது. 1/1000, ஐஎஸ்ஓ 400. ஒரு தடவைகூட என் தலைக்கு மேல் கத்தவில்லை.

அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம் முட்டையைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஒரு மாதமாக அந்த வரிசைக்கு ஆட்டை விடாமல் கிழக்கே சுற்றித்தான் ஓட்டிப் போகிறாராம்.

நேற்றுக் காலை தூரத்திலிருந்து பார்த்தபோது அடையில் பறவை இல்லை. நெஞ்சு திக்கென்றது. பிறகு வேறு பக்கம், ஆவாரஞ்செடிகளுக்கு நடுவில் இரண்டும் நின்று கத்துவது கேட்டது. 600-இல் பார்த்தால் ஒரு கல்லின் நிழலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ ஒன்று, கழுத்தில் கறுப்புக் கோடு. தாய் கத்தியதும் அப்படியே தரையோடு படிந்து கல்லாகிவிட்டது. ஒன்றுதான் கண்ணில் பட்டது. மற்றவை எங்கே படிந்திருக்கின்றன என்று தெரியாது என்பதால் ஓர் அடிகூட முன்னால் வைக்கவில்லை. படம் கானலில் கலங்கித்தான் வந்திருக்கிறது. அழிக்கவில்லை.

வியாழக்கிழமை மனைகளில் புதர் எடுக்க ஜேசிபி வருகிறதாம். காவலாளியிடம் பேசியிருக்கிறேன். வடக்கு மூலையிலிருந்து தொடங்கி, ஆவாரஞ்செடிப் பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் அங்கே இருப்பேன்.