கோழிக்குப் புழு வளர்க்கலாமா?

கேள்வி (மன்னார்குடி): மீன்தூள் விலை கட்டுப்படியாகாததால், 40 நாட்டுக்கோழிகளுக்குப் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவை வளர்த்துப் போட எண்ணுகிறேன், வீடெங்கும் ஈ மொய்க்கும் என்று அம்மா தடுக்கிறார்.

மறுமொழி (திருவையாறு): அம்மாவின் அச்சம் நியாயமானதே, ஆனால் இந்த ஈ நம் சோற்றில் வந்து அமர்வதில்லை, சில நாட்களில் முட்டையிட்டு இறந்துவிடும். காய்கறிக் கழிவைத் தின்று கொழுக்கும் புழுவின் உலர் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம். முற்றிக் கருத்த புழுக்கள் தொட்டியின் சாய்பலகையில் தாமாகவே ஏறி வந்து வாளியில் விழுவதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை.

மறுமொழி (நாகை): ஐப்பசி அடைமழையில் தொட்டிக்குள் நீர் இறங்கினால் புழுக்கள் கூட்டமாக வெளியேறிவிடும் என்பதால், கூரை போட்டு, ஈரம் மிகும்போது தவிடு தூவுங்கள்.

மறுமொழி (பாபநாசம்): மனிதர் பூச்சிகளை உண்பதும் புதிதன்று, ஈசலை இறகு நீக்கி, அரிசியோடு வறுத்துத் தின்றவர்கள்தாமே நாம்! ஐரோப்பிய ஒன்றியம் உலர்ந்த மாவுப்புழுவை மனித உணவாக 2021இல்தான் அனுமதித்தது.