ஒரே மொழி பேசிய ருவாண்டாவில் யார் டுட்சி என்பதை எப்படி அறிந்தார்கள்?

வைகைவாசி (கேள்வி):
1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில், பெரும்பான்மை ஹுட்டு இனத் தீவிரவாதிகள் சிறுபான்மை டுட்சிகளைக் குறிவைத்து நடத்திய இனப்படுகொலையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. ஹுட்டுக்களும் டுட்சிகளும் பேசியது ஒரே கின்யருவாண்டா மொழி. ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்து குடியிருந்தார்கள், ஒரே தேவாலயத்துக்குச் சென்றார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். அப்படியிருக்க, சுமார் 100 நாட்களில் 8 லட்சம் பேர் அளவில் கொல்லப்பட்டதாக ஐ.நா. கூறும் படுகொலையில் ஆளைப் பிரித்தறிந்தது எவ்வாறு? உயரத்தையும் மூக்கையும் வைத்து என்ற விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை.

மலைக்கோட்டை:
விடை அடையாள அட்டையில் இருக்கிறது. அப்போது ருவாண்டாவை ஆண்ட பெல்ஜிய நிர்வாகம் 1930களில் மக்களைக் கணக்கெடுத்து, ஒவ்வொருவரின் இனத்தையும் பதிவு செய்து அட்டை வழங்கியது. பத்து மாடுகளுக்கு மேல் வைத்திருந்தவர் டுட்சி, மற்றவர் ஹுட்டு என்பதே அளவுகோல். பிள்ளைகளுக்குத் தந்தையின் இனமே எழுதப்பட்டது. பிற்கால அட்டையில் ஹுட்டு, டுட்சி, துவா (மூன்றாவது சிறு இனம்) ஆகிய பெயர்கள் ஒரே வரியில் அச்சிடப்பட்டிருக்கும். பொருந்தாதவற்றை அதிகாரி பேனாவால் அடித்துவிடுவார். 1994இல் சாலைத் தடுப்புகளில் நின்றவர்கள் முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான்.

நூலகப்படி:
மலைக்கோட்டை ஐயா கூறியதில் ஒரு திருத்தம். மாட்டுக் கணக்கு பலரும் திரும்பத் திரும்ப எழுதும் கதை. பெரும்பாலான பதிவுகள் மக்கள் தம்மைப் பற்றிச் சொன்னதையும் உள்ளூரில் அறியப்பட்டதையும் வைத்தே நடந்தன என்பது வரலாற்றாய்வாளர்களின் கருத்து.

அட்டை ஆளைக் காட்டிக்கொடுத்தது உண்மைதான், ஆனால் கொலையை நடத்தியது 1994இன் ருவாண்டா அரசு நிர்வாகம். இதற்கு புட்டாரே மாகாணத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. ஏப்ரல் 6 இரவு குடியரசுத் தலைவர் ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, தலைநகர் கிகாலியில் கொலைகள் தொடங்கிய பிறகும், புட்டாரேயில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பேரளவிலான படுகொலை நிகழவில்லை. அங்கு ஆளுநராக இருந்த ஹபியாலிமானா (பெயரொற்றுமையால் இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்) நாட்டின் ஒரே டுட்சி ஆளுநர். அவர் தம்மால் இயன்றவரை தடுத்து நின்றார். அவரைப் பதவிநீக்கிய, ஹபியாரிமானாவின் மறைவுக்குப் பின் அமைந்த இடைக்கால அரசின் தலைவர் சிந்திகுப்வாபோ, ஏப்ரல் 19 அன்று புட்டாரேக்கே வந்து, 'வேலையில்' (கொலைக்கான மறைமொழி) ஒதுங்கி நிற்பவர்களைக் கடிந்து பேசினார். அதன் பின்னரே அம்மாகாணத்தில் மாபெரும் படுகொலை தொடங்கியது. அட்டைகள் முன்பும் அதே அட்டைகள்தான், அண்டை வீட்டாரும் அதே அண்டை வீட்டார்தான்.

தாபா என்ற கொம்யூனிலும் (உள்ளாட்சிப் பிரிவு) இதையே காண்கிறோம். அதன் தலைவர் அக்காயேசு முதலில் கொலைகளைத் தடுத்தார். ஏப்ரல் 18 அன்று இடைக்கால அரசினர் கூட்டிய கூட்டத்துக்குச் சென்று திரும்பிய பிறகு கொலைகாரர்களோடு சேர்ந்துகொண்டார். 1998இல் தான்சானியாவின் அருஷா நகரிலிருந்த, ருவாண்டாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயம் அவரைக் குற்றவாளி என்று அறிவித்ததே, இனப்படுகொலைக் குற்றத்துக்குப் பன்னாட்டு நீதிமன்றமொன்று விசாரணை நடத்தி அளித்த முதல் தீர்ப்பு.

வைகைவாசி:
நன்றி. அப்படியானால் பொதுமக்கள் வெறும் கருவிகள்தானா?

காவிரிக்கரை:
அவ்வளவு தூரம் போக வேண்டாம், நண்பரே. டுட்சி கிளர்ச்சியாளர்களோடு 1990இல் தொடங்கிய உள்நாட்டுப் போரும், 1993 அக்டோபரில் பக்கத்து புருண்டியில் ஹுட்டு குடியரசுத் தலைவர் எந்தாதாயேயை டுட்சி இராணுவத்தினர் கொன்றதும் உண்டாக்கிய அச்சத்தை வானொலி ஊதிப் பெருக்கியது மெய்யே. ஆனால் அச்சத்தோடு ஆசையும் இருந்தது. பின்னாளில் 'கசாசா' என்னும் ஊர் மன்றங்கள் விசாரித்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளில் பெரும்பகுதி கொலை வழக்குகள் அல்ல. செத்தவர் வீட்டுக் கூரைத் தகட்டையும் மாட்டையும் பிற உடைமைகளையும் எடுத்துக்கொண்ட வழக்குகள்.