பிள்ளையைப் புனிதருக்கு எழுதிக்கொடுத்த காப்டிக் பத்திரங்கள்: அங்கே இருந்தது மடமா, வெறும் கோயிலா?

காசிமேட்டுக்காரன்:
மூன்று வயதில் எனக்கு விடாத காய்ச்சல். பாட்டி என்னை அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்ததும் கோயில் படியில் கிடத்தி, ஒரு மரக்கால் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிவந்தார். எங்கள் தெருவில் இன்றும் நான் தவிட்டுப் பிள்ளைதான்.

8ஆம் நூற்றாண்டில், எகிப்தின் தீப்ஸில், நைல் நதியின் மேற்குக் கரையில் இருந்த ஜேமே வட்டாரத்துப் பெற்றோர், நோயில் பிழைத்த மகன்களைப் புனித ஃபொய்பாமோனுக்கு எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் மொழியில், பாப்பிரஸ் தாளில் பத்திரம் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். அப்படி 26 பத்திரங்கள்! அதுவும் ஆயுள் முழுமைக்கும். படித்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது.

அவற்றில் வரும் சொல் 'தோபொஸ்'. இடம் என்று பொருள். புனிதரின் இடம் என்றால் மடம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

ஏட்டுக்கட்டு:
நல்ல கேள்வி. தேவாலயத்துக்கும் மடத்துக்கும் அந்த ஒரே சொல்தான். அதை மட்டும் பிடித்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். பையனுக்கு என்ன வேலை என்று பாருங்கள்: கூட்டுவது, நீர் தெளிப்பது, பலிபீட விளக்கைக் கவனிப்பது, வழிப்போக்கருக்கு ரொட்டி கொடுப்பது. பத்திரங்களில் மடத்து நிர்வாகியும் வருகிறார்.

எனக்குப் பெரிய சான்று உயில்தான். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெர்மொந்திஸ் நகரின் ஆயர் ஆபிரகாம், ஃபொய்பாமோன் மடத்தையும் அதன் உடைமைகளையும் தம் சீடர் விக்டருக்கு எழுதிவைத்தார். உயில் கிரேக்கத்தில் இருக்கிறது. அவருக்கோ கிரேக்கம் தெரியாது. எகிப்திய மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்டபிறகே ஒப்புக்கொண்டார். சொத்து கைமாறும்போது யாரும் பெயரை மேம்போக்காக எழுதமாட்டார்கள்.

மடம் இருந்தது பண்டைய எகிப்தின் ஹத்ஷெப்சுத் அரசியுடைய கோயில் இடிபாடுகளுக்குள். அந்த இடத்தின் அரபுப் பெயரான தைர் அல் பஹ்ரி என்றாலே 'வடக்கு மடம்' என்றுதான் பொருள். 19ஆம் நூற்றாண்டில் அரசியின் கோயிலை வெளிக்கொணர, மடத்துச் சுவர்களை அப்புறப்படுத்திவிட்டார்கள். அதை நினைத்தால் வயிறு எரிகிறது. இன்று அங்கே வாழ்ந்தவர்களின் குரல் பாப்பிரஸிலும் எழுதப்பட்ட ஓட்டுச்சில்லுகளிலும்தான் கேட்கிறது.

ஒற்றியூர் ஆசிரியை:
நமக்கும் இது புதிதல்ல, தம்பி. திருவொற்றியூரில் 10ஆம் நூற்றாண்டில் சதுரானன பண்டிதர் மடம் நடத்தியதைக் கோயில் கல்வெட்டுதான் சொல்கிறது. எங்கள் பிள்ளைகளை அழைத்துப்போய் அந்த எழுத்துகளைத் தொட்டுப்பார்க்கச் சொல்வேன்.

காசிமேட்டுக்காரன்:
இருவருக்கும் நன்றி. இன்னொன்று: தாய் தனியாக எழுதிக்கொடுத்தது உண்டா?

ஏட்டுக்கட்டு:
உண்டு. நேர்ந்துகொண்ட பிறகு பிள்ளையைப் பிரிய மனமில்லாமல் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அவனுக்கு மீண்டும் நோய் கண்டது. அதன்பின் எழுதியது அந்தப் பத்திரம்.