மட்டப்பா வீட்டுக் கட்டையில் கரையான், நானே சரி செய்யலாமா?

அம்பைக்காரன்:
அம்பாசமுத்திரம் பக்கம் தாத்தா கட்டிய மட்டப்பா வீடு, அதாவது மரக்கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிய தட்டைக் கூரை. நடுவீட்டில் ஒன்பது கட்டை, இரண்டில் கரையான். காரை பெயர்ந்து, சாப்பிட உட்கார்ந்தால் இலையில் செங்கல் பொடி விழுகிறது. கொத்தனார் மொத்தமாக இடித்து கான்கிரீட் போடலாம் என்கிறார், எனக்கு மனசு வரவில்லை. லீவில் நானே சிமெண்ட் பூசி அடைத்துவிடலாமா?

சுண்ணாம்புப்பானை:
சிமெண்டை மட்டும் தொடாதீர்கள் அண்ணாச்சி. செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் கட்டிய கூரை ஈரத்தை வாங்கினாலும் வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று கட்டையை அரிக்கும். நான் பூசினேன், இரண்டு ஐப்பசி மழைதான், தேக்குக் கட்டை சுவருக்குள் போகிற முனை ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. முதலில் அந்த முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அப்புறம் மட்டப்பாவில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள், பாதி வியாதி அங்கேதான்.

தச்சநல்லூரான்:
பூச்சு வேலை நீங்களே செய்யலாம்: பழையதைச் சுரண்டி, நன்றாக நனைத்து, சலித்த மணலோடு சுண்ணாம்பு. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் வம்பு. கட்டை மாற்றுவது தனியாள் வேலை கிடையாது. இருபுறமும் முட்டுக் கொடுக்காமல் உருவினால் செங்கல், தட்டு ஓடு எல்லாம் தலையில்தான். பழைய வீடு தெரிந்த ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

அம்பைக்காரன்:
குத்திப் பார்த்தேன். ஒன்றில் பாதி ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது. அம்மா அப்போதே கட்டிலை முன்பக்கத் தார்சாலுக்கு இழுத்துவிட்டாள்.