இரவு 2 மணிக்கு வண்டியில் எத்தனை பேர்? தோட்டப்புறத் தீயணைப்பு அனுபவங்கள்

பம்பு ஓட்டுநர்:
பட்டணத்துக்குப் புது பொம்பா (மலேசியத் தீயணைப்புத் துறை) வண்டி வருகிறது என்றால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் எண்ண வேண்டியது ஆளை. ஓர் இருக்கை 24 மணி நேரமும் காலியாகாமல் இருக்க ஆண்டுக்கு 8,760 மணி நேரம் தேவை. வாரம் 42 மணி நேரம் என்று கணக்குப் போட்டால் ஒருவர் தருவது 2,184. விடுப்பே எடுக்காவிட்டாலும் 4 பேர். ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு, பயிற்சி எல்லாம் கழித்தால் 5 பேர். ஆக, 6 பேர் ஏறும் ஒரே வண்டிக்கு 30 பேர் வேண்டும். 24 பேர் என்றால் காகிதத்தில் சரியாகத்தான் தெரியும்; பெருநாள் வாரத்தில் வண்டி 4 பேரோடு கிளம்பும்.

ஓய்வுபெற்ற அதிகாரி:
அண்ணன் சொன்ன அந்த 4 பேரைப் பிரித்துப் பாருங்கள். ஒருவர் பம்பை விட்டு நகர முடியாது. ஒருவர் கட்டளை. மீதி இருவர் மூச்சுக்கருவியோடு உள்ளே போனால், அவர்கள் சிக்கிக்கொண்டால் இழுத்துவர யார்? ஏணி, இரண்டாவது குழாய், மின்சாரம் துண்டிப்பது, எல்லாம் காத்திருக்கும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2010இல் ஒரு வீட்டுத் தீயின் 22 வேலைகளை அளந்து பார்த்தது. 4 பேர் குழு, 3 பேர் குழுவைவிட 25 விழுக்காடும் 2 பேர் குழுவைவிட 30 விழுக்காடும் விரைவாக முடித்தது. இந்த இடைவெளிக்குள் பலகை வீடு கூரையோடு போய்விடும்.

தோட்டக் கிராணி:
பழைய லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நடுச்சுவர் பெரும்பாலும் கூரை வரை போகாது. முதல் வீட்டு அடுப்படியில் பிடித்த தீ கூரைக்கடியிலேயே ஓடிக் கடைசி வீட்டை எட்டும். அதனால் எரியும் வீட்டுக்கு ஒரு குழாய், தீ போகும் பக்கத்தை மறிக்க இன்னொன்று. இரண்டு குழாய்க்கு ஆள் வேண்டும், தண்ணீரும் வேண்டும். 2,000 லிட்டர் தொட்டியை, நிமிடத்துக்கு 450 லிட்டர் பாய்ச்சும் ஒரே குழாய் நாலரை நிமிடத்தில் காலியாக்கும். செம்பனைக் காட்டுக்குள் பிலி பொம்பா (சாலையோரத் தீயணைப்பு நீர்க்குழாய்) கிடையாது. சிறிய பம்பை வாய்க்கால் கரையில் வைத்து, உறிஞ்சுகுழாயை நீரில் இறக்க வேண்டும். நீர்மட்டம் பம்புக்குக் கீழே 7 மீட்டரைத் தாண்டினால் இழுக்காது. குழாய் முனையிலுள்ள வடிகட்டி நீரில் நன்றாக மூழ்காவிட்டால் காற்றை உறிஞ்சி நின்றுவிடும். மட்டையும் இலையும் அடைத்தாலும் அதே கதை. இதைப் பார்த்துக்கொண்டு நிற்கவே தனியாக ஓர் ஆள்!

சுக்காரேலா (தன்னார்வத் தீயணைப்பாளர்):
தன்னார்வப் படை உதவும், மறுக்கவில்லை. ஆனால் பகலில் நம் பிள்ளைகள் பாதிப்பேர் நகரத்தில் வேலையில் இருப்பார்கள். பெயர்ப்பட்டியலைப் பகல், இரவு என்று தனித்தனியாக எழுதுங்கள். மூச்சுக்கருவிப் பயிற்சி முடிக்காதவர் வெளிவேலை மட்டும்: குழாய் நீட்டுவது, வடிகட்டி பார்ப்பது, கூட்டத்தை விலக்குவது.

பம்பு ஓட்டுநர்:
வறட்சியில் கரிமண் நிலம் பற்றிக்கொண்டால் இன்னும் மோசம். மண்ணுக்கடியில் புகையும் தீ, நாள் கணக்கில் ஆளைக் கட்டிப்போடும். அந்நேரம் பட்டணத்தில் அழைப்பு வந்தால் அடுத்த நிலையத்திலிருந்துதான் வண்டி. எம்.பி.யிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நம் வண்டி வெளியே போயிருக்கும்போது நமக்கு வருவது எந்த நிலையம், எத்தனை நிமிடத்தில், எத்தனை பேரோடு?

தோட்டக் கிராணி:
999 அவசர எண்ணில் அழைக்கும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிஷன், பெரிய சாலையின் கிலோமீட்டர் கல், எந்தக் கேட் திறந்திருக்கிறது, எந்தப் பாலம் பாரம் தாங்காது என்று சொல்லுங்கள். சிம்பாங்கில் (சாலை பிரியும் சந்தியில்) மோட்டார் சைக்கிளோடு ஒருவரை நிறுத்துங்கள்.